இன்டெக்ஸ் இருந்தும் தேடாத பெட்டி

மூக்கருக்குக் கோபம் மூக்கின் மேலேயே குடியிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயர் வந்தது அதனால்தான். படிக்கும்போது மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டிய வாத்தியாரோடு மல்லுக்கு நின்றவர். பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனாராகப் போகிறவரிடமே சண்டை போட்டு, கைநனைக்காமல் திரும்பியவர். இப்போது ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைக் கவனிக்கிறார்.

அன்று கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பதிவு ஜன்னலில் உட்காரும் அவருடைய அண்ணியை, எல்லார் முன்னாலும் "கை மெதுவு, அடுத்த வாரத்துல இருந்து வரவேணாம்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். அண்ணன் போனபின் இரண்டு பிள்ளைகளும் அந்த நாற்காலியை நம்பித்தான் வளர்கிறார்கள்.

"நம்பரை அடிச்சா கம்ப்யூட்டர் பொட்டி கொட்டாவி விடுது தம்பி. உள்ள போய் இழுத்துட்டா வர முடியும்?" என்றார் அண்ணி.

மூக்கர் தேடல் கட்டளையைப் பிரித்துப் பார்த்தார். நோயாளி எண்ணுக்கு இன்டெக்ஸ் இருந்தது. நேராக உரிய வரிக்குக் கூட்டிப்போக வேண்டியது அது. பெட்டியோ அதைத் திரும்பியும் பாராமல், லட்சக்கணக்கான வரிகளை முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தது. யாரோ எப்போதோ எண்ணுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டுத் தட்டியதால், ஒவ்வொரு எண்ணையும் ஓரம் சீவிவிட்டு ஒப்பிடும்படி தேடலை எழுதிவைத்திருந்தார் ஒரு புண்ணியவான். இன்டெக்ஸில் இருப்பதோ சீவாத எண்; அதனால் அது எதற்கும் உதவவில்லை. எழுதிய புண்ணியவான் மேலாளரேதான்.

"என் ரூம்ல பட்டுனு வருதேய்யா!" என்றார் மேலாளர், மூக்கர் போய்ச் சொன்னதும்.

"உங்க ரூம்ல இருக்கிறது சோதனைக்கு வெச்ச நூறு வரி சார். அதை நத்தைகூட ஓடிப் படிச்சிரும்."

"பெரிய மிஷின் கேட்டிருக்கேன், வந்துரும்."

"திசை தெரியாதவனுக்குக் குதிரை வாங்கிக் குடுத்தா இன்னும் தூரமாத்தான் போவான். வாங்க, ஜன்னல்ல நீங்களே உக்காருங்க."

அண்ணி எழுந்து வழிவிட்டார். மேலாளர் எண்ணைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன சார், உள்ள தூங்குறீங்களா?" என்றார் வரிசையில் முதலாவதாக நின்றவர்.

"அந்தப் பொண்ணே தேவலை. இந்தாளை மாத்துங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஓர் அம்மாள் கத்தினாள்.

மேலாளருக்குக் காது சிவந்தது. "கையை வேகமா ஆட்டுங்க சார்," என்றார் மூக்கர் பல்லைக் கடித்தபடி.

பிறகு பக்கத்துப் பெட்டியின் முன் உட்கார்ந்து, சீவிய எண்ணுக்கே தனியாக ஓர் இன்டெக்ஸ் போட்டார். ஒரே வரிக் கட்டளை. அது தயாரானதும் மேலாளர் அடுத்த எண்ணைத் தட்டினார். விரலை எடுப்பதற்குள் பெயர் வந்து நின்றது.

"சரி, அடுத்த வாரமும் அவங்க வரட்டும்," என்றார் மேலாளர்.

"மெதுவுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இல்லைன்னும் அப்படியே சொல்லுங்க."

மேலாளர் வரிசையைப் பார்த்தார். "தப்பு நான் எழுதுனதுல. அவங்க கையில இல்ல."

"காதுல விழல!" என்றாள் அந்த அம்மாள்.

இன்னொரு முறை, உரக்கச் சொன்னார். மூக்கருக்கு அதுவும் போதவில்லை, வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்துவிட்டார்.

"எந்திரிங்க சார். ஆளுங்க நிக்கிறாங்க."