நம்பர் தெரிகிற மாதிரி ஒரு படம்

சிவஞானத்துக்குப் பொய் சொல்ல வரும்; காப்பாற்றத்தான் வராது. இரண்டு வருஷத்துக்கு முன் தோட்டத்து லய வீட்டுக் கூரை ஒழுகியபோது, குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மனைவி விஜயலெட்சுமி கவலைப்படக்கூடாதென்று, பக்கத்து வீட்டுக் காம்பராவின் புதுக் கூரைத் தகரத்தைப் படமெடுத்து நம்முடையதுதான் என்று அனுப்பினான். கொடியில் காய்ந்த சீலை பக்கத்து வீட்டு ரெங்கம்மாவுடையது என்று அடுத்த நிமிஷமே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் அனுப்பும் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துத்தான் நம்புகிறாள். அவள்மேல் என்ன பிழை?

ஒரு கார் வாங்கினால் அவள் ஊருக்கு வந்துவிடுவது, எல்ல மலைக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரரை ஏற்றி இவன் ஓட்டுவது, அதில் குடும்பம் நடத்துவது. இதுதான் நாலு வருஷத்துக்கு முன் இருவரும் பேசிக்கொண்டது. போன திங்கட்கிழமை கார் வந்தேவிட்டது. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி அங்கே வீட்டுக்கார மேடம் நெருக்குகிறாள். அந்த வீட்டில் வீடியோவில் பேச விடுவதில்லை, படமும் குரலும் மட்டும்தான். விஜயலெட்சுமி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"நம்பர் தெரியிற மாதிரி ஒரு படம் அனுப்புங்க. இல்லாட்டி கையெழுத்துப் போட்டுருவேன்."

ஒரு படம்தானே என்று நமக்குத் தோன்றும். அவனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் உள்ளே போனால் பொழுது சாயும்போதுதான் வெளியே வருவான். கார்த்திகை மாதத்து மழை வேறு. செவ்வாயும் புதனும் அந்தி வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தான். பிளாஷ் போட்டால் நம்பர் பிளேட் வெள்ளையாகப் பளீரென்று எரிந்தது, ஓர் எழுத்துக்கூட இல்லை. போடாவிட்டால் கார் பாலில் விழுந்த மாதிரி கலங்கியது. மூடுபனியை வாய்க்கு வந்தபடி திட்டினான். அடுத்தவனிடம் போன் வாங்கவும் மனமில்லை. அடுத்தவன் போனிலிருந்து படம் போனால் அடுத்தவன் கார் என்றே நினைப்பாள்!

வியாழக்கிழமை தேநீர் இடைவேளையில், அந்தப் போனை அவனுக்கு விற்ற பண்டாரவளைக் கடைக்காரி றிப்தாவுக்குப் படங்களை அனுப்பி அழைப்பெடுத்தான். மூடுபனியைப் பற்றி அவன் நீட்டி முழக்கியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேமராக் கண்ணைத் துடைத்துப் பார்க்கச் சொன்னாள். திருப்பிப் பார்த்தால் அங்கே காய்ந்துபோன சந்தனம்! திங்கட்கிழமை காருக்குப் பூசை போட்டபோது, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் பொனட்டுக்குப் பொட்டும் வைத்தவன், நாளைக்கு வாடகை பேசப்போவது இதுதானே என்று பக்தியோடு போனுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது.

"பொட்ட நெத்தியில வைக்காம கண்ணுலயா அண்ணே வப்பீங்க?"

பிறகு விவரமாகச் சொன்னாள். பிளாஷ் வேண்டாம். கையில் பிடிக்கவே வேண்டாம்; ஆடாத இடத்தில் வைத்து, பத்து விநாடி கழித்து அதுவாக எடுக்கிற மாதிரி போட வேண்டும். காரின் பெரிய லைட்டை அணைத்துச் சின்ன லைட்டை மட்டும் எரியவிட வேண்டும். திரையில் நம்பர் மேல் விரலால் ஒரு தட்டு. வானத்தில் கொஞ்சம் நீலம் மிஞ்சியிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

அன்று மாலை ஓட்டமாக வந்தான். பாதை வளையும் கோயில் முடக்கில் கார் நின்றது. மழை விட்டிருந்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து தேயிலையை மூடி, பாதையை மூடி, சக்கரங்களையும் மூடியது. கார் மண்ணை விட்டு எழும்பி மிதப்பதாக இருந்தது. கோயில் பல்பின் மஞ்சள் வெளிச்சம் பக்கவாட்டில் கதவில் வழிந்தது. எல்லாம் நீலமாகிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இது இந்த மலையிலேயே ஓடப்போகிற காரா, வானத்தில் போகப்போகிற ஒன்றா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. முன் இருக்கையில் விஜி சீலைத் தலைப்பை இழுத்துவிட்டபடி இருக்கிறாள், பேசாமல் வெளியே பார்க்கிறாள். கண்ணை மூடாமலே அவளைக் கண்டான்.

கல்லின்மேல் துவாய்த் துண்டை மடித்து, அதில் போனைச் சாய்த்து, பொத்தானை அழுத்திவிட்டு விலகி நின்றான். மூச்சுவிட்டால் அசைந்துவிடுமோ என்று மூச்சையும் பிடித்துக்கொண்டான். யாரும் சொல்லாத யோசனை அது, சொந்தப் புத்தி.

படத்தில் நம்பர் மட்டுமல்ல, நம்பர் பிளேட்டில் தொங்கிய மழைத்துளியும் தெரிந்தது. அனுப்பினான். அவள் பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் இல்லை. கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். நீலம் கறுத்துப்போன பிறகுதான் அழைப்பு வந்தது.

"பாத்தேங்க. கையெழுத்துப் போடமாட்டேன்னு மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன்." அதே மூச்சில், "சீட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் கவர் அப்புடியே இருக்கு போல? கண்ணாடி வழியா தெரியுது. கழட்டிறாதீங்க. நான் வந்து கழட்டுறேன்."

டிரைவர் இருக்கையின் உறையை அவன் காலையில்தான் கிழித்தெடுத்திருந்தான். அது அந்தப் படத்தில் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாய் அதற்குத்தான் திறந்தது.

"ஏஞ் சீட்டுது மட்டும் கழட்டிட்டேன் விஜி."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாலு வருஷமாகியிருந்தது.