எப்பவாவது என்றால் தினமும்

மின்கம்பம் எட்டாத மேட்டில் தையல்காரர் புது வீடு கட்டியிருந்தார். கணக்குப் போட்டுச் சொல்ல சோலார் அக்கா வந்தாள். நாற்பத்தாறு வயது, பேனலும் பேட்டரியும் மாட்டுவதில் பதினாலு வருடம்.

"நாலு லைட்டு, ஒரு ஃபேன், தையல் மெஷினு காலால மிதிக்கிறது. அவ்வளவுதான்க்கா."

சம்பந்தியிடம் சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிறவர்கள்கூட அக்காவிடம் எல்லாவற்றையும் குறைத்துத்தான் சொல்வார்கள். அவள் நேரே சமையலறைக்குப் போய் உட்கார்ந்தாள். என்னென்ன சாமான் இருக்கிறது என்று கேட்கமாட்டாள். பொழுது எப்படிப் போகிறது என்றுதான் கேட்பாள்.

"காலைல எழுந்ததும் முதல்ல எதைத் தட்டுவே?"

"இவரைத்தான்," என்றாள் தையல்காரர் மனைவி. "எழுப்பணுமே!"

"அதுக்குக் கரண்டு வேணாம். அப்புறம்?"

மிக்ஸி வந்தது. ரேடியோ வந்தது. பின்கட்டு அறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி வந்தது. நூறு முட்டை, இருபத்தொரு நாள், ராப்பகலாக ஒரே சூடு. கோழிப்பண்ணைக்காரர் முதல் தடவையாக இவர்களை நம்பிக் கொடுத்த வேலை. முட்டை ஆறினால் வேலையும் ஆறிவிடும்.

"இஸ்திரிப் பெட்டி?"

"எப்பவாவதுதான்," என்றார் தையல்காரர்.

அக்கா நோட்டில் 'தினமும் ஒரு மணி நேரம்' என்று எழுதினாள். போன வருடம் ஒரு வீட்டில் அந்த 'எப்பவாவது'வை நம்பி, மேகம் மூடிய இரண்டாம் நாளே அவர்களை இருட்டில் உட்காரவைத்தவள் அவள்.

"தச்ச சட்டையைக் கசங்கலாவா குடுப்பீங்க தம்பி?"

மனைவி வாயைப் பொத்திச் சிரித்தாள். தம்பி தலையைச் சொறிந்தார்.

மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்க ஆறு பேட்டரி என்று கணக்கு வந்தது. அவர் கையில் நாலுக்குத்தான் தெம்பு. "நாலே போடுங்கக்கா, சமாளிச்சுக்கலாம்."

"நீங்க சமாளிப்பீங்க. முட்டை சமாளிக்காது."

அக்கா கணக்கிலிருந்து இஸ்திரியை அடித்தாள். நாலு போதும் என்று வந்தது. நல்ல வெயிலில் பேனலிலிருந்து நேரே வரும் கரண்டில் மட்டும் இஸ்திரி. பேட்டரி இறங்க ஆரம்பித்தால் அந்த லைன் மட்டும் தானாக நின்றுவிடும்.

"மழை நாள்ல?"

"துணியை மெத்தைக்கடியில வச்சுப் படுங்க."

எல்லாம் மாட்டி, முட்டை வைத்துப் பதினெட்டாம் நாள் வானம் மூடிக்கொண்டது. மூன்று நாளும் அக்கா தன் வீட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். "மகளைப் பிரசவத்துக்கு விட்ட மாதிரி நடக்கறியே," என்றார் கணவர். நாலாம் நாள் காலை போன் அடித்தது.

"அக்கா, இஸ்திரி நின்னு மூணு நாளாச்சு! வாத்தியார் சட்டை, கல்யாண மாப்பிள்ளை சட்டை, எல்லாம் சுருண்டு கிடக்கு!"

"அது கிடக்கட்டும். பெட்டி?"

போனைப் பெட்டிப் பக்கம் நீட்டியிருக்கிறார் போல. காது அடைக்கிற அளவுக்குக் கீச்சுக் கீச்சென்று ஒரே கூச்சல்.

"எத்தனை தம்பி?"

"எங்கக்கா எண்ண விடுது? ஒண்ணு என் இஞ்ச்டேப்பு மேல நிக்குது!"