படத்தின் மூலையில்

விழுப்புரத்திலிருந்து வந்த ரயிலில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன விரல்கள். மலையில் நான்கு நாள் நடந்து எடுத்த படங்களை ஃபோனில் காட்டினேன். ஒவ்வொரு படத்தையும் தள்ளுவதற்கு முன் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"ஆளே இல்லாத மலைண்ணே. அப்பா போனதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசப் புடிக்கல. அதான் போனேன்" என்றேன்.

அவர் ஒரு படத்தைப் பெரிதாக்கினார். பனியில் மிதந்த மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

"இன்னா தம்பி, ஆளு இல்லன்ற? வூடு கீது பாரு. யாரோ சோறாக்கறாங்க."

"மேகமா இருக்கும்ணே."

"மேகம் இப்டி நேரா ஏறுமா?"

வில்லியனூரில் நான் இறங்கிக்கொண்டேன். அது புகையா, மேகமா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பசிக்கிறது.