ஆறு வீட்டுப் பேட்டரிகள்

எங்கள் பெரியப்பா ஒரு டீசல் எஞ்சினுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று அம்மா சொல்லுவாள். பெரியம்மா இறந்த பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். அப்பா கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் ஒரு மாதம் முகம் காட்டுவார். பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட்டில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக்குப் பெரியப்பாதான் துணை. ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் வீட்டில் இருக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பழைய லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஷெட்டுக்கே கிளம்பிவிடுவார்.

ஷெட்டுக்குப் பின்னால், புல் மண்டிய தண்டவாளத்தில், அந்த எஞ்சின் நின்றது. பெரியப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கப்பலில் வந்து இறங்கியதாம். ஓடி ஓடித் தேய்ந்து, கடைசியில் இனி உதவாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற ஆறு பேர் சேர்ந்து அதற்கு உயிர் கொடுக்கப் பார்த்தார்கள். ஐந்து பேர் நம்மவர்கள். ஆறாமவர் பர்மிய டிரைவர், நாங்கள் ஊலே என்று கூப்பிடும் மாமா. தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். சம்பளம் கிடையாது, டீ குடிப்பதுகூடச் சொந்தக் காசில்தான். எவ்வளவு செய்தாலும் முனகுகிறாள் என்று எஞ்சினுக்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தார்கள். "கூலியில்லாத வேலைக்கு இத்தனை எண்ணெய்க் கறையா!" என்று அம்மா துணி துவைக்கும்போதெல்லாம் புலம்புவாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் ஒரு நாள், ஓரத்தில் கிடப்பதையெல்லாம் வெட்டி இரும்புக்குப் போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பெரியப்பா பெரிய ஆபீசரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவர் நல்ல மனிதர். ஆயுத பூஜையன்று காலையில் வருகிறேன், எஞ்சின் தானாகக் கிளம்பி கேட் வரைக்கும் போய்த் திரும்பட்டும், அப்படியானால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை விடுமுறை நாளில் ஏற்றிக்கொண்டு போக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஓடாவிட்டால் வெட்டுத்தான். பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எஞ்சினைக் கிளப்பப் பேட்டரி வேண்டும். அதனுடைய பேட்டரிகளை எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் பேட்டரி இல்லாத வீடு எங்கள் பக்கம் ஏது? கரண்டை நாங்கள் மீ என்போம். அது நினைத்தால் வரும், நினைத்தால் போகும். வந்துவிட்டால் தெருவே "மீ லா ப்யீ!" என்று கூத்தாடும். போன பிறகு விளக்குக்கும் டிவிக்கும் லாரி பேட்டரிதான் கதி. ஆறு பேரும் வீட்டுக்கு ஒரு பேட்டரி கொடுப்பது, அதை வரிசையாகக் கோத்து எஞ்சினைக் கிளப்புவது என்று முடிவானது. எங்களுடையதன் மேல் பெரியப்பா சிவப்புப் பெயின்டில் ஓம் என்று எழுதியிருந்தார். பசுந்தாங்கில் சார்ஜ் கடையில் இரண்டு நாள் போட்டு எடுத்துவந்து, சாக்கால் மூடிவைத்தார். "யாரும் தொடக்கூடாது, ஆமா" என்றார். யாரும் என்றால் நான்தான். எனக்கு ஒன்பது வயது.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மாவும் பெரியப்பாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் வாடகைக் கேசட்டில் தமிழ்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன். டெக் அப்பா கப்பலிலிருந்து கொண்டுவந்தது. கதாநாயகியை வில்லன் தூக்கிக்கொண்டு போகிற நேரம் பார்த்து மீ போய்விட்டது. மறுநாள் காலையில் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம்தானே என்று சாக்கை விலக்கி கிளிப்பை மாட்டினேன். படம் முடிந்தது, பாட்டை மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன், அப்புறம் சண்டையை. கடைசியில் டிவியில் படம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி அணைந்துபோனது. கிளிப்பைக் கழற்றி, சாக்கைப் பழையபடி மூடினேன். விடிவதற்குள் அது தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் பேட்டரியைச் சைக்கா ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனோம். எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தளவு சாமந்தி மாலை. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பத்து மணிக்கு ஆபீசர் வந்தார். ஊலே எஞ்சினைக் கும்பிட்டு ஏறி பட்டனை அழுத்தினார். ஒரு முனகல் கேட்டது, அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பெரியப்பா பேட்டரியில் சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் மானிக் குழாயை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பேட்டரியாக மூடியைத் திறந்து பார்த்தார். எங்கள் பேட்டரியில் மட்டும் இரண்டு தடவை குழாயை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் மூடியைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்டு, "டீசல் பைப்புல காத்து புடிச்சிருச்சு. நான்தான் எடுத்துவிட மறந்துட்டேன். என் தப்பு" என்றார்.

ஊலே ஓம் எழுதிய பேட்டரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹொ தே, காத்துதான்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார், வெட்டுவதை இனித் தள்ளிப்போட முடியாது என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழங்கள் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

அடுத்த வாரம் காஸ் வைத்து வெட்டினார்கள். சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. பெரியப்பா ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் போக இடமில்லை. மூன்று வருஷம் இருந்தார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கல்யாணமாகி தாமுவேக்கு வந்த பிறகு, லாரி மெக்கானிக்கான என் வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "காத்து புடிச்சா எஞ்சின் நல்லா சுத்தும், ஸ்டார்ட்தான் ஆகாது. சுத்தவே இல்லன்னா பேட்டரிதான். லாரி கழுவுற பையனுக்குக்கூடத் தெரியுமே" என்றார். அன்றைக்கு அங்கே நின்ற ஆறு பேரும் ஆயுசு முழுக்க எஞ்சினோடு இருந்தவர்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய் அழுதேன்.

ஒன்றை மட்டும் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஆபீசர் போன பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பூஜைச் சுண்டல் கொடுத்தார்கள். தப்பு என்னுடையது இல்லை என்றாகிவிட்டதே, அப்பாடா! எனக்கு அப்போதுதான் பசித்தது. இரண்டு கை வாங்கித் தின்றேன். வாயில் சுண்டலோடு, எல்லோரும் கேட்கும்படி, "ஏன் பெரியப்பா, இத்தனை வருஷம் வேலை பாத்துட்டு இதப் போய் மறப்பீங்களா?" என்று கேட்டேன்.

"வயசாயிருச்சும்மா" என்றார் பெரியப்பா.

மற்ற ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவரை நினைத்து வெட்கப்படுகிறார்கள் என்று எண்ணி, நானும் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.