ஏரிக் காரின் சீட் கவர்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் திரைத்துணிப் பிரிவில் நிற்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கேட்டால் துணி அளந்து கொடுப்பேன். நானாக எதுவும் பேசுவதில்லை. எங்கள் பிரிவுப் பெண்கள் ஆறு பேருக்குப் போனில் ஒரு குரூப் உண்டு. அதில் காலை வணக்கம் போடுவதோடு சரி.

போன மழைக்குப் பிறகு புறநகர் ஏரி ஒன்றில் ஆகாயத்தாமரை அள்ளும்போது ஒரு வெள்ளைக் கார் அகப்பட்டது. கிரேன் அதைத் தூக்கும் வீடியோ அன்றே எல்லார் போனுக்கும் வந்தது. உள்ளே ஆளில்லை. நம்பர் பிளேட்டைச் சேறு மூடியிருந்தது. கள்ளக்காதல் என்றார் ஒருவர், கடத்தல் தங்கம் என்றார் இன்னொருவர். மதியச் சாப்பாட்டின்போது நானும் பார்த்தேன். கதவு வழியே தண்ணீர் கொட்டியபோது சீட் தெரிந்தது. மெரூன் துணியில் மஞ்சள் இலைகள்.

ஆதம்பாக்கத்தில் எங்கள் கீழ் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். அவர் வண்டிக்கு அதே துணியில் நான்தான் கவர் தைத்துக் கொடுத்தேன். பிறகு காரை விற்றுவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். மனைவியும் மகளும் கீழே இருக்கிறார்கள்.

குரூப்பில் வாய்ஸ் போட்டேன். "இந்த சீட் கவர் நான் தச்சது. எங்க கீழ் வீட்டு அண்ணன் கார். அவர் வெளிநாடு போயிட்டார்னு சொல்றாங்க."

எதையும் உறுதியாகச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் அப்படி முடித்தேன். ஐந்து பேரும் உடனே பதில் போட்டார்கள். நான் சொன்னதை அத்தனை பேர் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் போனிலிருந்து என் குரல் வந்தது. பின்னால் திகில் இசை சேர்த்திருந்தார்கள். இறங்கவும் வழியில்லாத கூட்டம். கிண்டி வரை அதை மூன்று தடவை கேட்டேன்.

எங்கள் மாடிப்படி கீழ் வீட்டு வாசலை ஒட்டித்தான் ஏறுகிறது. அந்த அண்ணனின் மனைவி படியை மறித்து நின்றாள்.

"இன்னாக்கா, சொல்றாங்களா? தெனம் வீடியோ கால்ல கத்தினுகீறாரே, உன் காதுல வியலையா? ஊர்ல மாமியா மாரடிச்சிக்கினுகீது. அவங்க புள்ளைய நான் இன்னாவோ பண்ணிட்டேனாம்!"

சுவரை ஒட்டி நழுவி மாடிக்கு ஏறிவிட்டேன்.

மறுநாள் கடையில் மூத்தவள் சிரித்தாள். "ஏன்டி, ரோல் முடிஞ்சா பிட்டு துணிய நாமதானே பங்கு போட்டுக்கறோம்? எங்க வூட்டு கிரைண்டர் கவரும் அதே மெரூன்தான். ஏரில கிரைண்டர் கெடச்சா என்னையும் உள்ள தள்ளுவியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த டிசைனை நானே எத்தனையோ பேருக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாளில் போலீஸ் பிளேட்டைக் கழுவிப் பார்த்து, கார் வேறொருவருடையது என்று கண்டுபிடித்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு போன கார். தப்பு என்னுடையது என்று இன்னொரு வாய்ஸ் போட்டேன். அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

திண்டிவனத்திலிருந்து மாமியார் பையோடு வந்து இறங்கினார். மகன் வீடியோவில் பேசியும் நம்பவில்லை. "போன்ல இன்னாத்த வேணா காட்டுவாங்க. ஆள் வந்து நிக்கட்டும்" என்று தங்கிவிட்டார். மகனுக்கு அடுத்த வருஷம்தான் லீவு.

மருமகள் சமைக்கிற எதையும் அவர் தொடுவதில்லை. படியடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வேலை முடிந்து வந்தால் கையைப் பிடித்துக்கொள்வார்.

"நெசத்தச் சொல்லு தாயி. அவ மெரட்டி வெச்சிக்கிறாளா?"

உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுப்பாள். "நல்லா கேளு அத்தே. ஊருக்கே சொன்னவங்க, உனக்கு சொல்ல மாட்டாங்களா?"

"துணிதான்மா ஒண்ணு. காரு வேற" என்பேன். தினமும் இதே வார்த்தைகள்தான்.

அவர் தலையாட்டுவார். கையை மட்டும் விடமாட்டார்.