என் வீட்டுச் சுவரோரம் நடந்தவர்கள்

ஆண்டவரில் அன்பான சகோதர சகோதரிகளே, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நானே முடிவு கட்டியிருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தப்பில்லை.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எல்லோருக்கும் நான் ஆபரேட்டரம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது எழுபது தாண்டிவிட்டது. கணவர் இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். ஒரே மகள் ஸ்டெல்லா சிதம்பரத்தில் இருக்கிறாள். காது எனக்கு இன்றும் பாம்புக் காது. கண்தான் கைவிட்டது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் மூட்டம். எதிரே நிற்பவரின் சட்டை தெரியும், முகம் தெரியாது. வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

போன தவக்காலத்தில் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரோரமாக இரண்டு குள்ள மனிதர்கள் நடந்து போனார்கள். என் முழங்கால் உயரம்கூட இல்லை. பூப்போட்ட சட்டை, சிவப்புத் தலைப்பாகை. ஒருவர் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. அதுகூடத் தெரிந்தது! சோற்றில் கிடக்கும் கல் தெரியாத கண்ணுக்குப் பொத்தான் எப்படித் தெரியும்? சாம்பார் கையோடு எழுந்து போய்ச் சுவரைத் தடவினேன். கையில் சுண்ணாம்புதான் ஒட்டியது.

மறுநாளும் வந்தார்கள். சில நாள் சுவர் முழுக்கக் கம்பிக்கோலம் போட்டது மாதிரி நிறையும். சில நாள் பெண்கள் வரிசையாகப் போவார்கள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. கண்ணை மூடிப் பார்த்தேன், காணாமல் போனார்கள். திறந்தேன், சில நேரம் வந்தார்கள், சில நேரம் வரவில்லை. "யார்ப்பா நீங்க?" என்று கேட்டும் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலைக்காலம் முழுக்கக் குரலை வைத்தே ஆளை எடைபோட்டவள் நான். பேசாத ஆளை எதை வைத்து நம்புவது?

ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. என் நாத்தனாருக்குக் கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்தது. அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், வெளியே வரும். அதை நான் பார்த்தவள். ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் நான் எது சொன்னாலும், 'அம்மாவுக்கு மனசு சரியில்ல' என்பார்கள். மத்தியானம் வந்தாலே அழுகை வந்தது. ஆண்டவரே, இதை எடுத்துப் போடும் என்று கெஞ்சினேன். எடுத்துப் போடவில்லை.

ஒரு நாள் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செய்யும் அன்பியச் செபம் என் வீட்டில் நடந்தது. செபமாலை பாதியில் என் வாய் தவறிவிட்டது. "பிலோமி, காலை நகத்து. மிதிச்சிடப் போற!"

"இன்னாக்கா? யார மிதிக்கப் போறேன்?" என்றாள் பக்கத்து வீட்டுப் பிலோமினா. சமாளிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பைத்தியம் என்பார்கள் என்று நினைத்தால், பிலோமினா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வானதூதருங்கக்கா அவுங்க! உன் செபத்துக்கு எறங்கி வந்துருக்காங்க!" செபத்தை நடத்திய உபதேசியார் மட்டும் அவசரமாகப் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பினார்.

அதிலிருந்து தெருப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். என் கையைத் தலையில் வைக்கச் சொல்வார்கள். கிழவியான பிறகு என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. சாப்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். இப்போது வீடு நிறைய ஆள். சுகமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? ஆனால், பொத்தான் அறுந்த வானதூதரா என்று உள்ளே ஒரு குரல் குடைந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு நாள் பிலோமினா அழுதுகொண்டு வந்தாள். அவள் புருஷனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அவருக்குப் பயம் ஜாஸ்தியா இருக்குக்கா. பண்ணலாமா வேணாமான்னு அவுங்களக் கேட்டுச் சொல்லு. நீ சொல்றபடி செய்யறோம்."

அடிப்பாவி, ஒரு மனுஷன் உயிரை என் சுவரில் கொண்டு வந்து வைக்கிறாளே! "டாக்டர் சொல்றதக் கேளுடி, இதெல்லாம் நம்பாத" என்றேன். "உனக்குத் தன்னடக்கம்க்கா" என்றாள். ரெண்டு நாளில் பதிலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றுதான் என் செபம் மாறியது. எடுத்துப் போடும் என்று நான் கேட்கவில்லை. "ஆண்டவரே, இவுங்க உம்ம ஆளுங்களா? ஆமான்னா ஒரு வார்த்த பேசச் சொல்லும். இல்லன்னா யாருன்னு எனக்குச் சொல்லும். எனக்குப் பைத்தியம்னாலும் சரி, தெரிஞ்சாப் போதும்." இவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லா போன் செய்தாள். புதிதாக ஒரு கண் டாக்டர் வந்திருக்கிறாராம், உடனே கிளம்பி வரச் சொன்னாள். சுவர் சமாச்சாரம் அவளுக்கு ஒரு துளியும் தெரியாது. சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். டாக்டர் சின்னப் பெண். சொட்டு மருந்து விட்டு வெகு நேரம் பார்த்தாள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது, தேய்ந்தது திரும்பாது, மேலும் தேயாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சரி, எழுந்திருக்கலாம் என்று பார்த்தால், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மா, இல்லாத ஆளுங்க, டிசைன், அந்த மாதிரி ஏதாவது கண்ணுக்குத் தெரியுதா? இருந்தா பயப்படாம சொல்லுங்க."

சகோதரர்களே, நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவளாகக் கேட்டாள். தேம்பித் தேம்பி அழுதேன். ஸ்டெல்லா பதறிப்போனாள்.

"இது பைத்தியம் இல்லம்மா. கண்ணுலேருந்து போற சேதி கொறஞ்சா, மூள சும்மா இருக்காது. தானா படம் போட்டுக்கும். நெறைய பேருக்கு வருது, பயந்துகினு யாரும் வெளிய சொல்றதில்ல" என்றாள். எக்ஸ்சேஞ்சில் லைன் மங்கினால் எங்கிருந்தோ வேறு பேச்சு கேட்கும், அது மாதிரி என்று எனக்குப் புரிந்தது. வந்தால் விளக்கைப் போடுங்கள், கண்ணை இடமும் வலமும் அசையுங்கள் என்றும் சொல்லிக் கொடுத்தாள். ஸ்டெல்லா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றாள். அவளும் அழுதாள்.

ஊருக்கு வந்ததும் நேரே பிலோமினா வீட்டுக்குத்தான் போனேன். அவள் குரல் சுருங்கிவிட்டது. ஆனால் ஆபரேஷன் நடந்தது, புருஷன் நன்றாக இருக்கிறார். அடுத்த அன்பியத்தில் எழுந்து நின்று, அது காட்சி இல்லை, என் கண் தேய்மானம் என்று சொன்னேன். சில பேர் நம்பவில்லை. மறுவாரத்திலிருந்து வீட்டுக்கு யாரும் வரவில்லை. அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சில நாள் கழித்து உபதேசியார் வந்தார். எண்பதை நெருங்கியவர். முழங்கால் வலி என்று காரணம் சொல்லிக் கோயிலில் வாசகம் வாசிப்பதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார். உள்ளே வந்தவர் கதவைச் சாத்தினார்.

"ஆபரேட்டரம்மா, எனக்கு யானை வருது" என்றார்.

"எங்க?"

"பீடத்துக்குப் பின்னாடி. பூச நேரத்துல. சாத்தான் என்னைப் புடிச்சிட்டான்னு நெனச்சேன். வீட்ல அவளுக்குக் கூடத் தெரியாது. செத்துடலாம்னு இருந்தேம்மா." பெரிய மனுஷன், குழந்தை மாதிரி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "அது பேசாதில்ல?"

"பேசாது. ஆண்டவருதான் பேசுவாரு. எங்கிட்ட அந்த டாக்டர் பொண்ணு வாயால பேசினாரு" என்றேன்.

அவரை ஸ்டெல்லாவிடம் அனுப்பினேன், அவள் அந்த டாக்டரிடம் கூட்டிப்போனாள்; அவருக்கும் கண் தேய்மானம்தான். இப்போது பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி வாசகம் வாசிக்கிறார். என் கண் திரும்பவில்லை. குள்ளர்கள் இன்னமும் வருகிறார்கள், விளக்கைப் போட்டால் போய்விடுகிறார்கள். வயசாவதை நினைத்தால் எனக்கு இப்போது பயத்தைவிட ஆசையாகத்தான் இருக்கிறது, ஆண்டவர் இன்னும் என்னவெல்லாம் காட்டப்போகிறார் என்று.

உங்கள் பயத்தை ஆண்டவரிடம் சொல்லுங்கள், நிச்சயம் கேட்பார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் சொல்லுங்கள். அவரும் அதே பயத்தில், யாராவது முதலில் வாய் திறக்கட்டும் என்று செபித்துக்கொண்டிருக்கலாம்.