நீலா அக்காவின் இரண்டாவது போத்தல்

நீலா அக்கா போய்விட்டார்.

காலையில் அவருடைய தங்கை மகள் தேவி போன் பண்ணிச் சொன்னாள். தூக்கத்திலேயே போயிருக்கிறார். வயது தொண்ணூறைத் தாண்டியாச்சு, நல்ல சாவு என்று ஆளாளுக்கு மெசேஜ் போடுகிறீர்கள்.

நல்ல சாவாம்! ஒருத்தருக்காக ஆயுசு முழுக்கக் காத்துக் கிடந்தவருக்கு என்ன நல்ல சாவு?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலாக்காவில், காஜா பேராங்கில், செட்டி கம்போங் கிராமத்தை ஒட்டித்தான் நான் பிறந்து வளர்ந்த வீடு. பக்கத்து வீடு நீலா அக்கா. மலாக்கா செட்டிக் குடும்பம்... சாமி நம்ம சாமி, பேச்சு மலாய். அவர் அரைகுறைத் தமிழில் பேசுவார், என் அம்மா அரைகுறை மலாயில் பதில் சொல்வார். ரெண்டு பேருக்கும் எல்லாம் புரியும்.

அவருடைய அண்ணன் ராஜுவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. உயிரோடு இருக்கிறார் என்றும் சேதி இல்லை, இல்லை என்றும் சேதி இல்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வரப் போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம்... பழ சீசன் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். வெயில் மண்டையைப் பிளக்கும். நீலா அக்கா வாசலில் பாய் விரித்து, உப்புப் போட்ட மாங்காய்த் துண்டுகளைக் காயவைப்பார். நாங்கள் திருடித் தின்போம். விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வருவார், ஒருநாளும் அடித்ததில்லை.

ராஜு அண்ணனுக்குப் பிடித்த மாங்காய் அச்சார் அது. ரெண்டு போத்தல் போடுவார். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று அண்ணனுக்கு... மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுவார்.

புதுப் போத்தல் ஏறும் அன்றைக்குப் பழையது இறங்கும். அதை எங்களுக்குத்தான் திறந்து கொடுப்பார். ஒரு வருஷம் ஊறின அச்சார்... அடடா! வெறும் சோறு போதும்.

"எப்பக்கா இறக்குவீங்க?" என்று போய் நச்சரிப்போம். அவர் அண்ணன் வராததால்தான் அது எங்களுக்குக் கிடைக்கிறது என்று யாருக்குத் தெரிந்தது?

ஸ்கூல் லீவில் எங்களை பஸ்ஸில் தம்பின் ரயில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவார். டிபன் கேரியரில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக். எங்களுக்கு அது பிக்னிக். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து தின்றுகொண்டே ரயிலுக்குக் கை காட்டுவோம்.

அவர் மட்டும் சாப்பிட மாட்டார். இறங்குகிற ஒவ்வொரு ஆம்பளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டே நிற்பார். மலாக்கா டவுன் வரைக்கும் இருந்த தண்டவாளத்தையும் அந்த ஜப்பான்காரனே பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். அதனால் அண்ணன் வந்தால் தம்பினில்தான் இறங்கணும் என்பார்.

மெர்டேக்கா வருஷத்துப் பர்ச்சு மறக்கவே மறக்காது. பழ சீசனில் செட்டி வீடுகளில் செத்துப்போனவர்களுக்குப் பழம் படைப்பார்கள், அதுதான் பர்ச்சு. அவர்கள் வீட்டில் செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு இலை. அந்த வருஷம் அவருடைய மாமா, யாரையும் கேட்காமல், ராஜுவுக்கும் ஒரு இலை போட்டுவிட்டார்.

"இத்தனை வருஷமாச்சு, அவன் பசியோட அலையக் கூடாதில்ல" என்று அந்த மனுஷர் அழுதார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

நீலா அக்கா கத்தின கத்தல் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. "டியா பெலும் மாத்தி!" அவன் இன்னும் சாகலை...

படையல் என்றும் பார்க்கவில்லை. இலையைப் பழத்தோடு வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வேலி ஓரம் நின்ற என் கையில் மாம்பழத்தைத் திணித்தார். "சாப்பிடு. இது சாமிக்கு இல்லே. சும்மா பழம்." அவர் பார்த்துக்கொண்டே நின்றார், நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ராஜுவுக்கு இலை போட்டதில்லை. நீலா அக்கா கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. அண்ணன் வந்து தாலி எடுத்துக் கொடுக்கணுமாம்.

போன மாசம் பார்க்கப் போனேன். என்னை அடையாளம் தெரியவில்லை. மேல் தட்டில் போத்தல் இருந்தது. அக்காவுக்குக் கை வராது, தேவிதான் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மெழுகு ஊற்றுவதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

இன்று போனை வைக்கும் முன் தேவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். இந்தப் பர்ச்சுக்குப் பெரியம்மாவுக்கு இலை போடணும்... பக்கத்தில் ராஜு மாமாவுக்கும் ஒன்று போடலாமா?

போடு என்று சொல்லிவிட்டேன். அந்தப் போத்தலையும் ராஜு அண்ணன் இலையிலேயே வைக்கச் சொன்னேன்.

கோபப்படாதீங்க அக்கா. போய் வாங்க.

பக்கத்து இலையில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று, முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க.